சிவப்பு விளிம்பில் அமலோற்பவம்

தட்டு என் கையில்தான் உடைந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக்கடை வாசலில், பேர் வெட்டும் மெஷினோடு இருபத்து மூன்று வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். குடம், அண்டா, டிபன் கேரியர் என்று எவர்சில்வரில் வெட்டிய பேர்களுக்குக் கணக்கே இல்லை. பீங்கானில் வெட்டத் துணிந்தது அன்றைக்குத்தான். ஊசி பட்டதும் ‘டக்’ என்றது. விளிம்பிலிருந்து விரிசல் ஓடி, தட்டு இரண்டாக என் மடியில் விழுந்தது.

“ஏம்மா பேச்சி, ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா?” என்று முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

உண்மைதான், படித்துப் படித்துச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர்

டிசம்பர் பிறந்தால் எங்கள் கடையில் கிறிஸ்துமஸ் டின்னர் செட்டுக்கென்று தனி மேஜை போடுவார்கள். குல்லா போட்ட மான், பனி விழுந்த மரம், தங்கக் கோடு. வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், விரலால் சுண்டிச் சத்தம் கேட்பார்கள். அமலோற்பவத்தக்கா ஒருவர்தான் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தட்டில் ஊற்றிப் பார்த்தார்.

“தட்டையாக் கெடந்தா மீன் கொழம்பு மேசைல ஓடிரும் தங்கச்சி. சோத்தப் பிசையதுக்குத் தோதா இருக்கணும்லா?”

மூன்று செட்டைத் தள்ளிவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. தட்டு எதற்கு என்று தெரிந்து வாங்க வந்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் மட்டும்தான். நாலாவது செட்டுக்கு விளிம்பு எடுப்பாக, நல்ல சிவப்பில் இருந்தது. பெரிய தட்டு ஆறு, சின்னத் தட்டு ஆறு, கிண்ணம் ஆறு. கடையில் அந்த மாதிரி ஒரு செட்தான் இருந்தது.

அக்காவுக்கு ஊர் உவரி. புருஷன் இறந்தபின் மீனை வள்ளியூர்ச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று, ஒரே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். அந்த வருடம் மகளுக்குத் தலைக் கிறிஸ்துமஸ். மகளும் மருமகனும் சம்பந்திகளும் விருந்துக்கு வருகிறார்கள். அதற்குத்தான் இந்த டின்னர் செட்.

செட்டைக் கட்டச் சொல்லாமல், பையிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இதுல என்ன எழுதியிருக்கு, வாசி.”

“உவரி சூசைராஜ்.”

“வெட்டுனது யாரு?”

என் எழுத்து எனக்குத் தெரியாதா? “நான்தாங்க்கா” என்றேன்.

“சூசை எங் கொழுந்தன். மக கல்யாணச் சீரு பூரா நான் மீன் வித்து வாங்குனது. சந்தையப் போட்டுட்டு வர முடியலன்னு பாத்திரத்த எடுத்துட்டு வர அவன அனுப்புனேன். அவம் பேர எழுதி சீட்டு குடுத்திருக்கான், நீயும் வெட்டிட்ட. இன்னிக்கும் மக வீட்டுல சித்தப்பாதான் சீரு செஞ்சாருன்னு சொல்லுதாவ. செட்டுல மிஞ்சுன இந்த ஒத்தத் தட்டுதான் எங்கிட்ட கெடக்கு.”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சீட்டில் இருப்பதை வெட்டு, கேள்வி கேட்காதே. எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். அந்த வழக்கப்படிதான் ஒரு மனுஷியின் உழைப்பை இன்னொருவன் பேரில் நான் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

“இந்த ஆறு பெரிய தட்டுலயும் அமலோற்பவம்னு எம் பேரு வேணும்” என்றார் அக்கா.

2. அடியில் வேண்டாம்

முதலாளி சிரித்தார். “பீங்கான்ல எவனாவது பேரு வெட்டுவானா? சம்பந்தி வீட்டுக்காரவ கேலி பண்ணுவாவ. அதுலயும் பொம்பளப் பேரு. வேணும்னா அடியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தாரேன்.”

“அடியில இருந்தா யாரு பாக்கா அண்ணாச்சி? எங் கொழுந்தன் பேரு மேலதான கெடந்துச்சு? அப்ப யாரும் கேலி பண்ணலயே?”

“வேண்டாம் பேச்சி, ஒடைஞ்சிரும்” என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு அண்ணாச்சி கல்லாவுக்குப் போனார். நான் தட்டை எடுத்து மடியில் வைத்து மெஷினைப் போட்டேன். அப்புறம் நடந்ததைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேனே.

அக்கா சத்தம் போடவில்லை. இரண்டு துண்டையும் எடுத்துப் பொருத்திப் பார்த்தார். “ஒண்ணு போச்சு. மிச்சம் அஞ்சு இருக்குல்லா?” என்றார்.

“இன்னொண்ணத் தொட்டேன்னா நாளைக்கு வேலைக்கு வராத” என்று முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னார்.

“வரல அண்ணாச்சி. இந்த அஞ்சையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருதேன்.”

டிசம்பர் கூட்டத்தில் எனக்கு மாற்று ஆள் கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் முணுமுணுத்துக்கொண்டே கல்லாவுக்குப் போனார்.

தப்பு எங்கே என்று அப்புறம்தான் யோசித்தேன். மெஷின் ஊசி உலோகத்தைக் குத்திக் குத்தி எழுதும். பீங்கான் குத்துத் தாங்காது, அதைக் கீறத்தான் வேண்டும். கண்ணாடி அறுக்கும் கடையில் ஒரு வைரமுனைப் பேனாவை இரவல் வாங்கி வந்தேன். உடைந்த துண்டில் எழுதிப் பழகினேன். தட்டுக்கு அடியில் ஈரத்துணி, பேனா முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர், அவசரமே கூடாது. பைய இழுத்தால் சிவப்பு உரிந்து வெள்ளையாக எழுத்து தெரிந்தது. ‘லோ’வின் சுழிதான் உயிரை வாங்கியது. ஐந்து தட்டு முடிக்க இரண்டு நாள் ஆனது. ஐந்திலும் மேல் விளிம்பில், சாப்பிடுகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் எழுதினேன்.

3. ஆறாவது ஆள்

கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒரு பெட்டி சீலா மீனோடு அக்கா கடைக்கு வந்தார்.

“சம்பந்தியம்மா தட்ட எடுத்து வாசிச்சாவ. ‘இது ஒங்க பேருலா?’ன்னாவ. ‘ஆமா, கல்யாணச் சீரும் நாந்தான் செஞ்சேன், பேருதான் மாறிப்போச்சு’ன்னேன். எம் மக அழுதுட்டா.”

“தட்டு அஞ்சுதானக்கா? சாப்பிட எத்தன பேரு?”

“ஆறு பேரு. மக, மருமவன், சம்பந்திய ரெண்டு பேரு, நான். அஞ்சு தட்டும் தீந்துச்சு. ஆறாவது எங் கொழுந்தன். அவனுக்கு அவம் பேரு போட்ட எவர்சில்வர் தட்டையே வச்சேன்.”

“என்ன சொன்னாரு?”

“என்ன சொல்லுவான்? ரெண்டு துண்டு மீன் கூடவே போட்டேன். தலைய நிமிராம தின்னுட்டு எந்திச்சான்.”

கல்லாவில் இருந்த முதலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நாளைக்கு வராதே என்ற பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அன்று சாயங்காலமே ஒருவர் புதுக் குடம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, பேர் எழுதிய சீட்டை நீட்டினார். அவருக்குப் பின்னால் கைப்பையை அணைத்தபடி ஓர் அம்மா நின்றிருந்தார்.

“இத வாங்குனது யாரு?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒனக்கு எதுக்கு? சீட்டுல இருக்கத வெட்டு” என்றார் அவர்.

சீட்டை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். மெஷினை அணைத்துவிட்டு, பின்னால் நின்றவரைப் பார்த்துக் கேட்டேன்: “ஒங்க பேரு என்னம்மா?”