கிட்ரிட்ஜின் கழிவுக் குழாயும் முதல் இடத்து நெட்ராவும்

நெட்ரா ப்ரூவிட் பக்கத்து வண்டியின் கழிவுக் குழாயைப் பிடுங்கி, அதன் சொந்தக்காரன் தலையிலேயே ஒரு வாரத்து அசிங்கத்தைக் கொட்டி, வண்டி வீடுகள் நிறுத்தும் பார்க்கை விட்டே விரட்டினாள் என்று பெலிக்கன் முனை ஊர் முழுக்கப் பேச்சு. தூண்டில் கடையில் கேட்டால் தலையில் கொட்டினாள் என்பார்கள். சர்ச்சில் கேட்டால் கொஞ்சம் மரியாதையாக, தோளில் என்பார்கள்.

இரண்டும் பொய். அன்றைக்கு கேஸ் உருளை போட வந்து நான் அங்கேயே நின்றிருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

தார் ரோடு முடிந்து, மணல் ரோடும் அலுத்துப்போய் நிற்கிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர் பார்க். முப்பது வண்டி நிற்கலாம். குளிர்காலத்தில் வடக்கத்திக்காரர்கள் பனிக்குப் பயந்து வீட்டையே வண்டியாக ஓட்டிக்கொண்டு இந்த டெக்சாஸ் கரைக்கு வருவார்கள். வாசல் பலகையில் ‘அமைதியான பார்க்’ என்று எழுதியிருக்கிறது. அமைதிக்குக் காரணம் பலகை அல்ல, நெட்ரா. யாராவது பாட்டை அலறவிட்டால் அவள் போய்ச் சண்டை போட மாட்டாள். ஒரு வாளி மீனைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்து செதில் சுரண்டுவாள். பாட்டு தானாக நிற்கும்.

சின்ன வயசில் இறால் கொட்டகையில் தலை கிள்ளினாள். அப்புறம் மாவட்டச் சிறையில் இருபது வருஷம் சமைத்தாள். கைதிகள் யாரும் சாப்பாட்டைக் குறை சொன்னதில்லை. சொன்னவனுக்கு மறுநாள் பீன்ஸில் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு கல்யாணம். முதல் புருஷன் ஓடிப்போனான். இரண்டாமவனுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, செத்துப்போனான். வேலை முடிந்ததும் வீட்டை விற்றாள், பிக்கப் டிரக்கில் கோத்து இழுக்கிற பழைய டிரெய்லர் வீடு ஒன்றை வாங்கி ஒன்றாம் எண் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். கடலுக்கும் அவளுக்கும் நடுவில் பார்க்கின் உள் ரோட்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அந்த இடம் ஏன் வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன்.

“கதவத் தெறந்தா ஒரு மனுஷ மூஞ்சி தெரியாது. அதான்” என்றாள், என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே.

சிக்கல் என்னவென்றால், பத்து வயசுக்கு மேலான வண்டி இந்தப் பார்க்குக்குள் வரக்கூடாது. நெட்ராவின் டிரெய்லர் என் மூத்த மகளைவிட வயசில் பெரியது. சட்டம் போடுவதற்கு முன்னாலேயே வந்து நின்றுவிட்டதால் விட்டுவைத்திருந்தார்கள். ஆனால் இடத்தை விட்டு ஒருமுறை வெளியே வந்தால் புது வண்டிக் கணக்கு, திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இந்தக் கரையில் வேறு எந்தப் பார்க்கும் அதைச் சேர்க்காது. அதனால் டிரெய்லர் அசையாமல் நின்றது. டயரைச் சுற்றிப் புல் முளைத்துப் பூத்தும் விட்டது.

அவளுக்கு நேர் பின்னால், இரண்டாம் எண்ணில், லோவல் கிட்ரிட்ஜ் வந்து இறங்கினான். மினசோட்டாக்காரன், பல் மருத்துவம் பார்த்து ஓய்ந்தவன். அவன் வண்டி ஒரு பஸ் நீளம். முன்கண்ணாடி சினிமாத் திரை மாதிரி. கடலைப் பார்க்கத்தான் அத்தனை பெரிய கண்ணாடி வாங்கினானாம். அதில் தெரிந்ததோ நெட்ராவின் துருப்பிடித்த பின்பக்கம். நான் டிரெய்லரைச் சொல்கிறேன்.

“குட் மார்னிங், மிஸ் நெட்ரா. உங்க டிரெய்லர் ரொம்ப உழைச்சிருச்சு. அதுக்கு ஓய்வு குடுக்கக் கூடாதா?”

“உன் வாய்க்கு மொதல்ல குடு.”

“நல்லதுக்குத்தான் சொல்றேன். பின் வரிசைல மரநெழல் இருக்கு.”

“அப்ப நீ போய் ஒக்காரு. வழுக்க வேகாம இருக்கும்.”

கிட்ரிட்ஜ் சிரித்தான். பல் பிடுங்குவதற்கு முன்னால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. நெட்ராவின் டிரெய்லருக்கு அடியில் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று நேராக ஹூஸ்டனில் இருக்கும் பார்க் முதலாளிக்கே போன் போட்டுச் சொன்னான். முதலாளி தோண்டிப் பார்க்கச் சொல்லிவிட்டார். தோண்ட வேண்டுமானால் டிரெய்லர் நகர வேண்டும்.

செய்தி சொல்ல வந்தவள் மேனேஜர் கார்லீன். நல்ல பெண், ஆனால் முதலாளி என்ற சொல்லைக் கேட்டாலே வியர்க்கும்.

“மிஸ் நெட்ரா, கொஞ்சம் முன்னால எடுத்துக்குங்க. தோண்டி முடிச்சதும் பின்னால விட்டுக்கலாம். ஆனா முழுசா வெளிய வந்துராதீங்க. வந்துட்டா என் கைல ஒண்ணும் இல்ல.”

“முழுசான்னா?”

“ரெண்டு சக்கரமும் உங்க எடத்துச் சரளக்கல்ல விட்டு எறங்கினா.”

“எறங்காது” என்றாள் நெட்ரா.

வெள்ளிக்கிழமை காலை அவள் பழைய பிக்கப்பை டிரெய்லரில் கோத்தாள். பார்க்கே காபிக் கோப்பையோடு வேடிக்கைக்கு வந்துவிட்டது. இதில் கிட்ரிட்ஜைத்தான் கவனிக்க வேண்டும். அவளுடைய சக்கரம் சரளையை விட்டு இறங்கிய நொடியே தன் வண்டியை அங்கே கொண்டுபோய்ச் செருகத் திட்டம். காலி இடம் முதலில் வந்து நிற்பவனுக்குத்தான். அதற்காகக் கரண்ட் வயரைச் சுருட்டினான், படியை மடக்கினான், தண்ணீர்க் குழாயைக் கழற்றினான். கடைசியாகக் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய, தரையிலிருக்கும் கழிவுக் குழிக்குள் குழாயை விட்டு அடைப்பைத் திறந்துவிட்டு, வண்டிக்கு அந்தப் பக்கம் கையுறையோடு நின்றிருந்தான்.

நெட்ரா தன் சக்கர முட்டுக்கட்டைகளை எடுக்க அவன் வண்டிப் பக்கமாகச் சுற்றி வந்தாள். எடுத்தாள். போய் பிக்கப்பில் ஏறினாள். டிரெய்லர் முனகிக்கொண்டு நகர்ந்தது, புல்லை வேரோடு பிடுங்கிக்கொண்டு.

“போறா! போறா!” என்று எவனோ கத்தினான்.

அவ்வளவுதான். கிட்ரிட்ஜ் கையுறையைக் கூடக் கழற்றாமல் ஓடிப்போய் ஏறி வண்டியைக் கிளப்பினான். தொட்டி பாதிதான் காலியாகியிருந்தது. குழாய் குழிக்குள்ளேயே இருந்தது. வண்டி முன்னால் பாய்ந்ததும் குழாய் ரப்பர் மாதிரி நீண்டது, நடுவில் அறுந்தது. மீதிப் பாதி வண்டிக்குப் பின்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஆடி ஆடி, உள்ளே இருந்ததையெல்லாம் வழி நெடுக அபிஷேகம் செய்தது.

முன்னால் போனவனுக்கு இடமும் இல்லை. நெட்ராவின் டிரெய்லர் மூக்கு ரோட்டில், ஒரு சக்கரம் சரளையின் ஓரத்தைப் பிடித்தபடி. அப்படியே கோணலாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டாள். கிட்ரிட்ஜ் பிரேக் போட்டான். தொட்டியில் மிச்சம் இருந்ததும் அங்கேயே இறங்கியது. காற்று கடலிலிருந்து அடித்தது. காபிக் கோப்பைகள் காணாமல் போயின.

“இவதான் புடுங்கினா! என் வண்டிப் பக்கம் இவ வந்ததப் பாத்தேன்!” கிட்ரிட்ஜ் இறங்கிக் குதித்தான். குதித்த இடமும் சரியில்லை.

“டாக்டர், கத்தாதீங்க, வாய மூடிக்குங்க, ஈ இருக்கு” என்றேன் நான்.

கார்லீன் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். “யாருமே பாக்கலையா? கெளம்புற வண்டில ஏதாவது தொங்கினா சத்தம் குடுக்கறதுதான வழக்கம்? எல்லாருக்கும் நாக்கு செத்துப்போச்சா?”

அது உண்மை. பார்க் ஆட்களுக்குள் எவ்வளவு பகை இருந்தாலும் அது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எதிரி கிளம்பினாலும் ‘ஏய், படி தொங்குது’ என்று கத்துவார்கள். ஆனால் நாங்கள் எல்லோரும் நெட்ராவின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பார்க்குக்குள் கழிவைக் கொட்டினால் அன்றைக்கே வெளியேற வேண்டும். இதுவும் முதலாளி போட்ட சட்டம்தான். கிட்ரிட்ஜ் பிளீச் ஊற்றிப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, மத்தியானம் ஒருத்தரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனான். டிரெய்லர் நின்றிருந்த இடத்தில் தோண்டினார்கள். தண்ணீர்க் குழாய் காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. நெட்ரா பின்னால் விட்டுத் தன் பழைய பள்ளத்திலேயே உட்கார்ந்தாள்.

நான் அறுந்த குழாயை எடுத்துப் பார்த்தேன். குழிப் பக்கத்து மூட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. பிடுங்கினதாக இருந்தால் அங்கே அல்லவா கழன்றிருக்கும்? ஆக அவள் கை வைக்கவில்லை. இதை ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பெருமையோடு அவளிடமும் போய்ச் சொன்னேன். அவள் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள்.

“உன்மேல ஒரு பாவமும் இல்லன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன், நெட்ரா. நீ எதையும் புடுங்கல, உனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு.”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“புடுங்கலதான். முட்டுக்கட்ட எடுக்கப் போனப்ப குழாய் மாட்டியிருந்துச்சு, அடைப்பு தெறந்திருந்துச்சு. அவன் வண்டில ஏறினத கண்ணாடில பாத்தேன். என் ஹாரன் நல்லாத்தான் வேல செய்யும். நான் அடிக்கல.”