ரங்கநாதன் தெருவும் என் வயிற்றெரிச்சலும்

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னை தி. நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போய் வந்தேன். எங்கள் பக்கத்திலிருந்து கல்யாண ஜவுளி எடுக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தத் தெருவைக் கண்டால் எனக்கு ஆகாது. கள்ளக்குறிச்சியில் சின்னதாக ஒரு சேலைக்கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் ஒரு புடவையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி ரங்கநாதன் தெருவுல..." என்று ஆரம்பிப்பார்கள். எந்நேரமும் இன்னொருத்தி பேரைச் சொல்லிக்கொண்டிருக்கும் புருஷனோடு குடும்பம் நடத்துவது போல இருக்கும் எனக்கு.

அப்படிச் சொல்லாத ஒரே ஆள் ராமாயி அக்கா. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். எந்த விசேஷமானாலும் மலையிலிருந்து இறங்கி நேராக என் கடைக்குத்தான் வருவார். வந்து வெறுங்கையோடு திரும்பியதே கிடையாது. தையில் மகளுக்குக் கல்யாணம் என்றதும், வரவேற்புப் பட்டு நம்மிடம்தான் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். அவர் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "செல்வி, புள்ளைக்கு ஒரு பட்டு மட்டும் ரங்கநாதன் தெருவுல எடுக்கலாம்னு ஆச. எனக்கு வழி தெரியாது. நீதான் கூட்டிக்கினு போவணும்."

வயிறு பற்றி எரிந்தது. ஆனால் நான் போகாவிட்டால் வேறு யாராவது கூட்டிப் போவார்கள். அதனால் வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். மலையில் அமைதியாக இருந்து பழகியவர், அந்த நெரிசலில் நாலு இடி வாங்கினால் போதும், ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார் என்று ஒரு கணக்கு.

அக்கா முதல் நாளே இறங்கி என் வீட்டில் தங்கிவிட்டார். காலை ஐந்தரைக்குக் கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறினோம். தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் வழியாகக் கிளாம்பாக்கம் போய்ச் சேர ஐந்து மணி நேரம். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் தாம்பரம், பிறகு மின்சார ரயிலில் மாம்பலம். ரயில் கட்டணம் ஒரு டீ விலையைவிடக் குறைவு. நிலையத்தை விட்டு வெளியே கால் வைத்தால் அதுதான் ரங்கநாதன் தெரு. தேடவே வேண்டாம், கூட்டமே உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

தெரு என்னவோ சின்னதுதான். அந்தக் கோடியில் உஸ்மான் சாலை, இந்தக் கோடியில் ரயில் நிலையம், ஆளில்லாவிட்டால் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். ஆளில்லாமல் எப்போது இருந்தது? இந்தப் பகுதியே ஒரு காலத்தில் ஏரி என்கிறார்கள். தூர்த்து மனை போட்டு வீடுகள் வந்தன, ரயிலுக்குப் போகிறவர்களை நம்பிக் கடைகள் வந்தன, கடைகள் வீடுகளைத் தின்றுவிட்டன. ஒரு கடை வாசலில் ஹேர்பின் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். "எங்க மாமியா இங்க வூட்டு வேலை செஞ்சிச்சு. அந்த வூடு இருந்த எடத்துல இப்ப நாலு மாடி நிக்குது. கோலம் போட்ட தெரும்மா இது. இப்ப நிக்கவே எடம் இல்ல, நான் எங்க குந்தறது?" என்றார். குந்தித்தான் இருந்தார், வியாபாரமும் ஜோராக நடந்தது. எனக்கு அவர் மேலும் பொறாமை வந்தது.

அக்காவைப் பார்த்தேன். ஒருவர் பையால் இடித்தார், இன்னொருவர் காலை மிதித்தார். அக்கா முகமெல்லாம் சிரிப்பு. "எம்மாம் ஜனம் செல்வி! தேர்த் திருவிழா மாதிரி இருக்கு!" என்றார். என் கணக்கு அங்கேயே ஊற்றிக்கொண்டது.

நாலு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் ஏறினோம். விற்பனைப் பெண் பட்டுப் பட்டாக விரித்துப் போட, அக்கா எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, "வேணாம்மா" என்று எழுந்துவிட்டார். அந்தப் பெண் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் விரித்த சேலையைக் கண்டால் என் கை சும்மா இருக்காதே. என்னையறியாமல் நானே மடிக்க ஆரம்பித்துவிட்டேன். யாரோ ஒரு பெண் என்னிடம் வந்து, "அந்த அரக்கு கலரைக் காட்டுங்க" என்றார். எடுத்தேன், முந்தியை விரித்தேன், "உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்" என்றேன். அவர் வாங்கிக்கொண்டு பில் போடப் போய்விட்டார். ஐந்து மணி நேரம் பயணம் செய்து வந்து எதிரிக்கு வியாபாரம் செய்து கொடுத்திருக்கிறேன்.

இப்படியே மூன்று கடை. நாலு மணியாகியும் அக்கா எதையும் எடுக்கவில்லை. எனக்குள் மெதுவாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. டீ குடிக்கும்போது கேட்டேன், "ஒண்ணுமே புடிக்கலையாக்கா?"

"புடிக்காம இன்னா? எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சும்மா பாத்துக்கினு இருந்தேன். இங்க எத்தினி பொடவைய பிரிச்சுட்டு எழுந்தாலும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்ல. உங்கடையில அப்படி முடியுமா? ரெண்டு பிரிச்சுட்டு வேணாம்னா உன் மூஞ்சி தொங்கிப்போவுது. அதுக்கோசரமே எத்தினி தடவ புடிக்காதத வாங்கிக்கினு போயிருக்கேன், தெரியுமா?"

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்பது வருடமாக என் கடை பிடித்துப்போய்த்தான் வருகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்! அக்கா எழுந்தார். "வா, ரெண்டாவது கடையில பாத்த அந்த மாம்பழ மஞ்சள எடுத்துரலாம். நீ முந்திய நல்லா பாத்து சொல்லு." பார்த்துச் சொன்னேன். குறை கண்டுபிடிக்க முயன்றேன், கிடைக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். செவ்வாய், புதன் காலையில் போங்கள், கடை திறந்த கையோடு நுழைந்தால் நிதானமாகப் பார்க்கலாம். நகை போட்டுக்கொண்டு போகாதீர்கள். கைப்பையை முன்பக்கம் மாட்டுங்கள். பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள், போனில் ஒரு சத்தமும் கேட்காது. பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் எழுந்துவிடுங்கள். அந்தத் தெருவில் நிஜமாகவே மலிவாகக் கிடைப்பது அப்படி எழுந்து போகும் சுதந்திரம்தான், அந்தச் சரக்கு என் கடையில் இல்லை.

கல்யாணம் முடிந்த பிறகு அக்கா ஓரகத்தியோடு என் கடைக்கு வந்தார். ஒன்று விடாமல் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். மேஜை நிறைந்து தரையிலும் விரித்தேன். கடைசியில் இருவரும் எழுந்து, "வேணாம் செல்வி, வரோம்" என்றார்கள்.

"சரிக்கா, போயிட்டு வாங்க" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

படியில் நின்று அக்கா என்னை உற்றுப் பார்த்தார்.

"மூஞ்சி தொங்கல. காதுதான் செவந்துகினு இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.