முப்பது லைன்

நானூறு மேஜைகளில் நானூறு போன்கள். ஆனால் அந்த ஆலையிலிருந்து வெளியே போக முப்பதே வழிகள்தான். தெருவிலிருந்து வரும் டிஜிட்டல் கேபிள் ஒரே நேரத்தில் முப்பது பேச்சுகளைத்தான் சுமக்கும். வருவதும் போவதும் அதிலேதான். ஆலைக்குள்ளேயே பேசிக்கொள்ள மட்டும் அந்த வழி தேவையில்லை. செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம்.

அந்த முப்பதையும் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் அவள், எல்லாருக்கும் ஆபரேட்டர் அக்கா. கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கும் கணவனுக்கு மட்டும் மகாராணி. தினமும் மேஜை போனிலிருந்து கூப்பிட்டு, "மகாராணி தரிசனம் கிடைக்குமா?" என்பான். "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவாள்.

அன்று மதியம் கிடங்கின் கூரை சரிந்தது. சேதி வீடுகளுக்கு எட்டியதும் பலகையில் லைனுக்கு ஒன்றாக இருந்த முப்பது விளக்குகளும் சிவந்தன.

மேனேஜர் மூச்சிரைக்க வந்தார். "ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட முடியலை! இத்தனை போன் வாங்கிப் போட்டோமே, ஒண்ணுகூடவா வேலை செய்யலை?"

"போனெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். வழிதான் அடைச்சிருக்கு. வீட்டு ஜனங்க கூப்பிடறாங்க."

"கட் பண்ணுங்க!"

பத்து லைன்களில் வெளி அழைப்பு இனி நுழையாதபடி மாற்றினாள். ஏற்கனவே உள்ளே இருந்தவர்களைக் கெஞ்சியும் அதட்டியும் விலக்கினாள். கடைசி லைனில் மகள்.

"அம்மா, அப்பா எங்கேம்மா?"

"தெரியலைடி. போனை வை."

"என்கிட்டகூட சொல்ல மாட்டியா? அம்மா..."

பொத்தானை அழுத்திவிட்டாள்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. கை தானாகக் கணவனின் எண்ணை அழுத்தியது. மணி போனது! கம்பி அறுபடவில்லை. எடுக்கத்தான் ஆளில்லை.

கிடங்கு வாசல் போனிலிருந்து காவலாளி கத்தினான். "அக்கா, இடிபாட்டுக்குள்ள ஏதோ போன் அடிக்குது!"

"அது கணக்கு மேஜை. சத்தம் வர்ற பக்கமாத் தோண்டச் சொல்லுப்பா. நான் விடாம அடிக்கறேன்."

மணி ஓயும்; மறுபடி அழுத்துவாள். ஓயும், அழுத்துவாள். விரல் மரத்துப்போனது. வெளி விளக்குகள் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

திடீரென்று யாரோ எடுத்தார்கள்.

"ஏங்க?"

ஒரே இருமல். காவலாளிதான். "அக்கா, மேஜைக்கடியில ஒரு ஆளு. முகமெல்லாம் மண்ணு, யாருன்னே தெரியல. கை அசையுது. எப்படித் தூக்கறதுன்னு டாக்டர்கிட்ட கேக்கணும். லைன் கிடைக்குமா?"

பலகையைப் பார்த்தாள். மகளைத் துண்டித்த லைன் காலியாகத்தான் இருந்தது.

"இருக்கு, பேசு" என்று அதில் ஆஸ்பத்திரியைப் பிடித்துக் கொடுத்தாள்.

இன்னொரு பொத்தானைத் தட்டினால் அவர்கள் பேசுவது அவளுக்கும் கேட்கும். விரலை அதன் மேல் வைத்தாள். அழுத்தத்தான் முடியவில்லை.