முனகலுக்குப் பழகிய மென்பொருள்

அந்தச் சலவை நிலையத்தில் எல்லோரும் அவளை ஸ்பேனர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். விரிப்பு மடிக்கிற மேஜையிலிருந்து மெக்கானிக்காக உயர்ந்தவள். இப்போது அந்த வேலைக்கே ஆபத்து. துணி துவைக்கிற பெரிய மெஷின் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோவதால், பழுது வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட நினைத்தார் முதலாளி. கெடுவதற்கு முன்பே கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று ஸ்பேனர் அக்கா வாயை விட்டுவிட்டாள்.

"சனிக்கிழமை காட்டு. இல்லேன்னா மறுபடி மடிக்கிற மேஜைதான்," என்றார் முதலாளி.

அவள் நம்பியது இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். மூளை வேலை செய்கிற விதத்தைப் பார்த்துச் செய்தது. சரி எது, தப்பு எது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். எதன் பின்னால் எது வருகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கும், வராதது வந்தால் திடுக்கிடும். படித்தபோதே அவளுக்குக் கை பரபரத்தது.

சாப்பாட்டு வேளையில் பழைய லேப்டாப்போடு உட்கார்ந்தாள். திரை முழுக்கச் சிவப்பெழுத்தில் பிழைகள். கூடவே போட வேண்டிய இன்னொரு நிரலின் பழைய பதிப்புதான் ஒத்துப்போகும் என்று இணையத்தில் முகம் தெரியாத யாரோ எழுதிவைத்திருந்தார்கள். மாற்றிப் போட்டாள். மாதிரி வரைபடம் சரசரவென்று ஓடியது.

"ஓடுதுடீ!"

இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் நாத்தனார். இருவரும் ஒரே வீடு. "என்ன அண்ணி, லாட்டரி விழுந்துச்சா? அண்ணன் செத்தப்புறம் நீங்க இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல."

அதிர்வை அளக்கிற நகமளவு சென்சாரை மெஷினில் ஒட்டினாள். வாரம் முழுக்க மென்பொருள் அந்த அதிர்வைக் கேட்டது. அது திடுக்கிடுவதைத் திரையில் காட்டுகிற கோடு முதலில் எதற்கெடுத்தாலும் துள்ளியது, போகப்போக அடங்கித் தரையோடு படுத்துக்கொண்டது.

சனிக்கிழமை காலை, விருந்தாளி வருகிற வீடுபோல மெஷினைத் துடைத்தாள். அதோடு விட்டாளா? டிரம்மைத் தாங்கிச் சுழலவிடுகிற தேய்ந்த பேரிங்கையும் கழற்றிப் புதுசு போட்டாள்.

முதலாளி வந்தார். டிரம் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுழன்றது. கோடு உச்சிக்கு எகிறியது, லேப்டாப் அலறியது.

"நல்லா ஓடுற மெஷினப் பாத்து ஏம்மா கூப்பாடு போடுது?"

வாளியில் கிடந்த பழைய பேரிங் அவள் கண்ணில் பட்டது. எடுத்து விரலால் சுழற்றினாள். கரகரத்தது.

"ஐயா! இந்த மென்பொருள் கண்ணு முழிச்சதுலேர்ந்து கேட்டது இந்த முனகலத்தான். இதுதான் ஆரோக்கியம்னு நெனச்சிருக்கு. முனகல் நின்னதும் பயந்துடுச்சு!"

"நமக்கு மட்டும் என்னவாம்?" என்றாள் நாத்தனார். "அண்ணன் குறட்டை நின்ன வீட்டுல நாம தூங்கினோமா?"

ஸ்பேனர் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லா சாக்கு சொல்றீங்க ரெண்டு பேரும்," என்று ஆரம்பித்த முதலாளி, வெளிக் கம்பெனியின் பெருமையெல்லாம் பேசித் தீர்ப்பதற்குள் கோடு மெல்ல மெல்ல இறங்கி அடங்கிவிட்டது. புதுச் சத்தத்துக்கும் பழகிவிட்டது!

நிஜக் கோளாறைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க, நாத்தனார் மெஷினை நிறுத்தி, ஈர விரிப்புகளை ஒரே பந்தாகச் சுருட்டி உள்ளே எறிந்துவிட்டு மறுபடி ஓட்டினாள். டிரம் ஒருபக்கமாக இழுத்தது. ஆட்டம் கண்ணுக்குத் தெரியுமுன்பே கோடு துள்ளியது. பிறகுதான் மெஷின் தடதடத்தது. முதலாளி பின்னால் குதித்தார். ஸ்பேனர் அக்கா பட்டென்று நிறுத்தினாள்.

"மத்த மெஷினுக்கும் மாட்டு," என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஆனா முதல்ல பேரிங்க மாத்து. அப்புறம் அதைக் கேக்க விடு."