கொம்பியூட்டருக்கு வைத்த பொட்டு

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர் எழும்ப மறுத்துவிட்டது.

சுவிட்சை அமத்தினேன். உள்ளே காற்றாடி 'உர்ர்...' என்றது. உடனே அடங்கிவிட்டது. திரும்ப அமத்தினேன். திரும்பவும் 'உர்ர்...' திரும்பவும் அமைதி.

உங்களில் பலருக்கு அந்தப் பெட்டியைத் தெரிந்திருக்கும் — பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியில் அடிக்கடி வந்து போகிற ஆள்தான். வவுனியாவில் ஒரு ரியூசன் கொட்டிலை மூடியபோது வாங்கிய பழசு. வெள்ளையாக இருந்து பழுப்பாகிப் போன பெட்டி. பலாப்பழம் அளவுக்கு முதுகு தள்ளின மொனிட்டர். நான் ஓ.எல். சோதனை தாண்டாதவன், ஒற்றை விரலால் ரைப் பண்ணுகிறவன். எனக்கு அது போதும்.

ஆனால் இந்த முறை என் கவலை பத்தியைப் பற்றியதல்ல.

எங்கள் பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வருகிறது. சிறப்பு மலர்ப் புத்தகம் ஒன்று போடுகிறோம். அதற்கு வருகிறதை ரைப் பண்ணுகிற வேலை என்னுடையது. மற்றதெல்லாம் திரும்ப வாங்கிவிடலாம் — வாழ்த்துச் செய்தி தருகிறவர்கள் இரண்டாம் முறை இன்னும் நீளமாகவே தருவார்கள்! அன்னம் அக்காவின் கதையை எங்கே போய் வாங்குவது?

அன்னம் அக்கா எங்கள் பக்கத்து வளவு. யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலத்தில் கோயிலின் சின்னப் பிள்ளையாரை அரிசிப் பானைக்குள் வைத்து, சைக்கிளில் கட்டி, ஊர் ஊராகக் கொண்டு திரிந்து, திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது அவாதான். அது ஊருக்கே தெரியும். அந்தப் பானைக்கு இடம் விட எதை இறக்கி வைத்தா என்பது ஒருவருக்கும் தெரியாது.

தன் கலியாணக் கூறைச் சேலையை. ஒரு பாலைமரத்தின் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாவாம்.

என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, நான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடிக்கும்வரை பொறுத்துப் பொறுத்துச் சொன்னா. முடிந்ததும், "இன்னொருக்கா உதைக் கேட்டுப்போடாத தம்பி. என்னால ஏலாது" என்று எழும்பிப் போனா.

அந்தக் கதை பெட்டிக்குள். வேறெங்கும் இல்லை.

நான் என்ன செய்தேன்? வயர்களைக் கழற்றிக் கொழுவினேன். பிளக்கை மாற்றினேன். ரீவிக்குத் தட்டுவதுபோல் முதுகில் தட்டினேன். பிறகு... எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். முகம் கழுவி, திருநீறு பூசி, சாம்பிராணி காட்டி, சுவிட்சில் சந்தனத்தைத் தடிப்பாக வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். ஒவ்வொரு வெள்ளியும் வைக்கிறதுதான். என்னை உங்களிடம் கூட்டி வருகிற பெட்டி அல்லவா? அந்தச் சுவிட்சும் பொட்டுக்கென்றே செய்ததுபோல் வட்டமாய்...

மனைவி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தா.

"பொட்டு வைச்சது காணும். பரந்தன் கடைக்குக் கொண்டு போங்கோ."

"பிள்ளையாரிட்டைச் சொல்லிப்போட்டன். இனி அவர் பாத்துக்கொள்ளுவார்."

"அவர்தான் சொல்லுறார், பரந்தனுக்குக் கொண்டு போகட்டாம்."

பின்னேரம் அன்னம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றா.

"உங்கட பெட்டி செத்துப் போச்சாமே?"

"சாகேல்லை அக்கா. மயக்கம்."

"என்ர கதையும் அதுக்கையோ?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"போனால் போகட்டும். பெரிய கதை!" என்றுவிட்டு, கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்கப் போனா. கொடியில் உடுப்பு ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் பெட்டியைப் போர்வையால் சுற்றி, ஓட்டோவில் பரந்தன் சந்திக்குக் கொண்டுபோனேன். அங்கே ஹனீபா நானாவின் கொம்பியூட்டர் கடை. முல்லைத்தீவுக்காரர். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிறபடி நான் அவரை நானா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். ஆர் மூப்பு என்று இரண்டு பேரும் கேட்டதில்லை.

"என்ன அண்ணை, ஆளுக்குக் குளிர் காய்ச்சலோ?" என்று போர்வையைப் பிரித்தார். பொட்டைப் பார்த்தார். பெட்டியைச் சரித்துத் திறந்தார்.

மெமரியைக் கழற்றி, பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினார். 'உர்ர்...' அமைதி. வேறொரு பவர் சப்ளையைக் கொழுவிப் பார்த்தார். 'உர்ர்...' அமைதி. நான் மனதுக்குள் பிள்ளையாருக்குத் தேங்காய்களைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பிறகு முன் சுவிட்சிலிருந்து வருகிற வயரைப் பிடுங்கிவிட்டு, அது கொழுவியிருந்த இரண்டு ஊசிகளையும் குறட்டு முனையால் ஒரு தொடு தொட்டார். 'உர்ர்ர்ர்ர்...'

அடங்கவில்லை! மொனிட்டரில் வெளிச்சம்!

"பெட்டி நல்ல சுகம் அண்ணை. சுவிட்ச்தான் பிழை. அமத்தினால் உடனே திரும்பி வெளியில வருகுதில்லை. நீங்கள் விரலை எடுத்தாலும் அது கொஞ்ச நேரம் அமத்தினபடியே நிக்குது. நீங்கள் நிப்பாட்டச் சொல்லுறியள் எண்டு மெசின் நினைக்குது."

"ஏன் இறுகினது?"

"தூசு."

ஈர்க்கை எடுத்துச் சுவிட்சைச் சுற்றிச் சுரண்டத் தொடங்கினார். மஞ்சளாய், கட்டி கட்டியாய் வந்தது. கடை முழுக்கச் சந்தன வாசம். என் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அங்கே உதிர்ந்துகொண்டிருந்தன.

"நானா... அது தூசில்லை."

"தூசெண்டே வைப்பம் அண்ணை" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

சுரண்டினதை ஒரு வெள்ளைத் தாளில் சேர்த்து, மடித்து, என் கையில் தந்தார். "சாமிக்கு வைச்ச சாமான். குப்பையில போட மனம் வரேல்லை."

தாளைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்தேன். சந்தனம் என்று சொன்னால் நான் வெட்கப்படுவேன் என்று சொல்லாமல் விட்டாரே, அது ஒன்று. இது இன்னொன்று.

கதை பத்திரமாக இருக்கிறதா என்று திறந்து பார்த்தோம். இருந்தது. நானா வாசித்தார். பாலைமரம் வந்த இடத்தில் கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டார். முடித்துவிட்டு, "ரெண்டு பென்ட்ரைவில கொப்பி போடுறன் அண்ணை. ஒண்டு அவாட்டைக் குடுங்கோ" என்றார்.

திரும்பி வருகையில் யோசித்தேன். வருத்தக்காரரைப் பார்க்கப் போய், கட்டிலைச் சுற்றி நின்று, அவருக்கு வருகிற காற்றை மறிக்கிறோமே... அந்தப் பாசம்தானே இதுவும்?

அன்னம் அக்கா எங்கள் படலையில் நின்றா. கறிவேப்பிலை பிடுங்க வந்தாவாம். அவா வளவில் இரண்டு கறிவேப்பிலை மரம் நிற்கிறது!

"இருக்கு அக்கா. ஒரு எழுத்தும் போகேல்லை."

அவா முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்தா. பென்ட்ரைவைக் கையில் வைத்துப் பொத்திக்கொண்டா. பிறகுதான் பெட்டிக்கு என்ன வருத்தம் என்று கேட்டா. சொன்னேன். படலையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தா.

தாளில் கிடந்த சந்தனத்தைச் செவ்வரத்தைச் செடி அடியில் கரைத்துவிட்டேன். பொட்டை நிறுத்தவில்லை, வெள்ளிதோறும் பெட்டியின் உச்சியில் வைக்கிறேன். அது அன்னம் அக்காவின் உத்தரவு:

"பொட்டு நெத்தியில வைக்கிறது தம்பி. கண்ணில அப்பினால் ஆர்தான் முழிப்பினம்?"