தாம்பாளத்தைக் கீழே வைக்கக் கூடாது

எங்கள் அப்பாவுக்கு ஒரு பிரதமர் உண்டு. அவரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லிவிட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எச்சில் கையோடு எழுந்துவிடுவார். நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவனின் அப்பாவுக்கும் ஒரு பிரதமர் உண்டு. அவர் வேறு ஆள், வேறு கட்சி, பின்னால் வந்தவர். பெயர்களை எழுத மாட்டேன். எழுதினால் படிக்கிற நீங்களும் இரண்டாகப் பிரிந்துகொண்டு சண்டைக்கு நிற்பீர்கள். எனக்கு எங்கள் வீட்டுக் கலாட்டாவே போதும்.

நான் பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். சந்தாபுராவில் டயர் கடை வைத்திருந்த அவனுடைய அப்பாவை, டாக்டரிடம் காட்ட வந்த இடத்தில், சுகர் டெஸ்டுக்காக அவன்தான் அழைத்துவந்தான். பெரியவருக்கு ஊசி என்றால் பயம். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தன் தலைவரின் பெருமையைப் பேச ஆரம்பித்தார். ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்ட பிறகும் நிறுத்தவில்லை. அவர் தலைக்குப் பின்னால் நின்று அவன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அந்தக் கும்பிடில்தான் விழுந்தேன்.

சாதகம் பார்த்தது, சொந்தக்காரர்கள் மூக்கை நுழைத்தது எல்லாவற்றையும் எப்படியோ தாண்டிவிட்டோம். எனக்கு மிச்சமிருந்த பயம் இந்த இரண்டு பிரதமர்கள்தான். எங்கள் சித்தப்பா மகளின் நிச்சயத்தில் அப்பா இதே விவகாரத்தில் கத்திவிட்டு வெளியே போனார். அந்தச் சம்பந்தம் முறிந்தது. அதனால் என் நிச்சயத்துக்கு முந்தின நாளே சொல்லிவைத்தேன்.

"அப்பா, நாளைக்கு அரசியல் பேசுனீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"நான் ஏம்மா பேசப்போறேன்? அவரு சும்மா இருந்தா நானும் சும்னே இருக்கேன்."

மறுநாள் சந்தாபுராவிலிருந்து டெம்போவில் வந்து இறங்கினார்கள். லிங்கராஜபுரத்தில் எங்கள் மாடி வீட்டு ஹால் அப்படியொன்றும் பெரியதில்லை. வாடகை நாற்காலி போட்டு, கேசரியும் பஜ்ஜியும் கொடுத்து, எல்லாம் ஜோராகத்தான் போனது. இரண்டு அப்பாக்களும் இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் உட்காருகிற மாதிரி அடக்கமாக உட்கார்ந்து முட்டிவலியைப் பற்றிப் பேசினார்கள். நான் உள்ளறைக் கதவிடுக்கில் பட்டுப்புடவையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. எங்கள் பக்கம் ஒரு தாம்பாளம், அவர்கள் பக்கம் ஒரு தாம்பாளம். தேங்காய், வாழைச் சீப்பு, வெற்றிலை பாக்கு, துணிமணி, பூ என்று இரண்டிலும் மலையாகக் குவிந்திருந்தது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தைதான் எல்லாச் சடங்குக்கும் எஜமானி.

"ரெண்டு பேரும் தூக்குங்க. தூக்கிட்டா கீழ வைக்கக் கூடாது, கைக்குக் கைதான் போவணும். கீழ வெச்சா சம்பந்தம் வேணாம்னு அர்த்தம், ஆமா!"

இருவரும் தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்து அவனுடைய அப்பாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. ரிங்டோன் என்ன தெரியுமா? அவருடைய தலைவரின் மேடைப் பேச்சு! கைதட்டல், விசில், முழக்கம் எல்லாம் சேர்த்து. எடுத்து அணைக்கலாம் என்றால் இரண்டு கையிலும் தாம்பாளம். தலைவர் பையிலிருந்து எங்கள் ஹால் முழுவதற்கும் முழங்கிக்கொண்டிருந்தார். அவன் பாய்ந்துவந்து போனைப் பிடுங்கி அணைப்பதற்குள் அப்பா வாயைத் திறந்துவிட்டார்.

"சத்தத்துக்கு மட்டும் கொறச்சல் இல்ல."

"இன்னா சொன்னீங்க சம்பந்தி?"

"இல்ல, பேச்சு நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னேன். எங்க ஆளு பேசல. பேக்டரி கட்னாரு, ஆஸ்பத்திரி கட்னாரு."

"கட்னாரு, கட்னாரு! இன்னிக்கு வெளிநாட்டுல எறங்குனா நமக்கு இருக்கிற மரியாதை அன்னிக்கு இருந்துச்சா?"

"நீங்க எந்த வெளிநாட்டுல எறங்கிப் பாத்தீங்க? ஓசூரா?"

அவ்வளவுதான். ஆளாளுக்குக் குரல் ஏறியது. அத்தை "நல்ல நேரம் போவுதுப்பா, பேஜார் பண்ணாதீங்க" என்று நடுவில் புகுந்தாள். யார் கேட்டார்கள்? "இப்படிப் பேசற வீட்ல நான் எப்படிச் சம்பந்தம் பண்றது?" என்று அவனுடைய அப்பா சொன்னபோது எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டு தாம்பாளமும் கொஞ்சம் கீழே இறங்கின. அவரோ அப்பாவோ கோபத்தில் கீழே வைத்துவிட்டால் என் கல்யாணம் அதோடு முடிந்தது. அவன் என்னைப் பார்த்தான். இந்த முறையும் கும்பிடத்தான் போகிறான் என்று தெரிந்தது. இவனை நம்பிப் பயனில்லை என்று நானே வெளியே வந்தேன்.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!"

லேபில் கையை நீட்டாதவர்களிடம் போடுகிற சத்தம் அது. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அவங்க ஆண்டது உங்க ரெண்டு பேரை மட்டுமா? இங்க இருக்கிற எல்லாரையும்தான? நல்லவரா கெட்டவரான்னு எங்களைக் கேளுங்க. நாங்க நல்லா இருக்கோமான்னு கேளுங்க. அத்தை, நீ சொல்லு. உனக்கு என்ன நல்லது நடந்துச்சு?"

அத்தை யோசிக்கவே இல்லை. "எனக்கா? கவர்மென்ட் ஆஸ்பத்திரில கண்ணு ஆபரேஷன் ஆச்சு. இப்போ ஊசியில நூல் கோக்கறேன்."

"ஆஸ்பத்திரி எங்க ஆளு கட்னது!" என்றார் அப்பா.

"ஆபரேஷன் நடந்தது எங்க ஆளு காலத்துல!" என்றார் அவனுடைய அப்பா.

"அடச்சே, பண்ணது அந்த டாக்டரம்மாப்பா!" என்றாள் அத்தை. சிரிப்பு கிளம்பியது.

அவனுடைய தங்கை, காலேஜில் படிக்கிறவள், தானாகவே கையைத் தூக்கினாள். "பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு கெடையாது. அது நல்லது."

"அது ஸ்டேட் கவர்மென்ட் பண்ணது, அதைச் சேக்காத" என்றார் அவளுடைய அப்பா.

"எந்த கவர்மென்ட்டா இருந்தா எனக்கென்னப்பா? ஆனா இருட்டுனதுக்கு அப்புறம் பஸ் ஸ்டாப்புல தனியா நின்னா எனக்குப் பயமா இருக்கும். அம்மாவும் சின்ன வயசுல அப்படித்தான் பயந்தேன்னு சொல்லுது. அது ஏன் மாறவே இல்ல?"

அப்பா தாம்பாளத்தைக் கொஞ்சம் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். வாழைப்பழம் ஒன்று நழுவப் பார்த்தது, தாடையால் அழுத்திக்கொண்டார்.

எங்கள் அம்மா சமையலறை வாசலில் இருந்தே சொன்னாள். "எனக்குத் தண்ணி வந்தாப் போதும். ஊரெல்லாம் தண்ணி வத்திப்போன அந்தக் கோடையில ரெண்டு பேர் போட்டோவையும் மாட்டிக் கும்பிட்டிருந்தாலும் கொழாயில காத்துதான் வந்திருக்கும். டேங்கர்காரனைத்தான் தலைவா தலைவான்னு கூப்பிட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கும் நம்பிக்கை வந்தது. மிச்சமிருந்தது அவனுடைய அம்மா. சுவரோரம் உட்கார்ந்து பூச்சரத்தை மடியில் வைத்திருந்தார். வந்ததிலிருந்து நான்கு வார்த்தை பேசியிருப்பாரா, சந்தேகம்.

"ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க" என்றேன்.

"அவளை ஏம்மா கேக்கற?" என்று அவனுடைய அப்பா குறுக்கே வந்தார். "அவ ஓட்டும் நான் சொல்ற ஆளுக்குத்தான்."

அவனுடைய அம்மா பூச்சரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்படின்னு நீங்க நெனச்சிக்கிட்டு இருக்கீங்க."

ஐயோ, அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்வேன்! அத்தை தரையில் உட்கார்ந்தே விட்டாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா! உங்க வீட்டு ஓட்டே எங்களுக்குத்தான்!"

"உங்களுக்குன்னும் நான் சொல்லலியே அண்ணா" என்றார் அவனுடைய அம்மா.

அவனுடைய அப்பா மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமா, அவமானமா, எனக்குப் புரியவில்லை. தாம்பாளத்தை இப்போது கீழே வைக்கப்போகிறார் என்றே நினைத்தேன். நான்தானே கேட்டுக் கெடுத்தேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

"சரி," என்றார் மெதுவாக. "தலைவருங்க போவட்டும். நீ சொல்லு. என் வீட்ல நீ நல்லா இருக்கியா?"

அவன் தன் அம்மாவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அவர். பிறகு கொஞ்சம் சிரித்தார். "இத்தினி வருஷத்துல இப்பதான் கேக்கறீங்க. கேட்டதுல இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கேன்."

பெரியவர் ஊசி போட்ட அன்றைக்குப் போலவே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே, "இந்தா, பிடி, கை உட்டுப்போச்சு" என்று தாம்பாளத்தை நீட்டினார். அவனுடைய அம்மா எழுந்து வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்து எங்கள் அப்பாவும் "நீயும் பிடிம்மா, தோள் போச்சு" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டார். "ஆம்பளைங்கதான் மாத்தணும்..." என்று அத்தை வாயெடுத்தாள். இரண்டு அம்மாக்களும் திரும்பிப் பார்த்த பார்வையில் பேசாமல் குங்குமச் சிமிழைத் தேடப் போனாள்.

அவனுடைய அம்மா தாம்பாளத்தோடு எங்கள் அம்மாவை நோக்கி வந்தார். கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"எல்லாரையும் கேட்டியே கண்ணு. உன்னை யாராவது கேட்டாங்களா? எங்க வீட்டுக்கு வந்தா நீ நல்லா இருப்பியா?"

கேட்கவில்லை. சம்மதமா என்று கேட்டார்கள், நாள் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள், புடவை கலர்கூடக் கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை, அவன் உட்பட. அத்தனை நேரம் கத்திக்கொண்டிருந்த என் வாய் ஒட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் நின்றது. அவன் காதெல்லாம் சிவந்து, பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருப்பேன்" என்றேன்.

"எனக்குக் கேக்கலியே" என்றார் அவனுடைய அம்மா.

"இருப்பேன்!" என்று கத்தினேன். அவர் தாம்பாளத்தை எங்கள் அம்மாவின் கையில் கொடுத்து, எங்கள் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.