தோலட்டையில் ஒரு பொட்டு

நகுலேஸ்வரியின் கை அவளைக் கேட்காமலே அதைச் செய்துவிட்டது.

அன்று சரஸ்வதி பூசை. வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போகலாம் என்று சந்தனம், குங்குமம், பன்னீர், திருநீறு எல்லாவற்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். லண்டனில், வால்தம்ஸ்டோவில் அவள் பராமரிக்கும் ஆர்தர் என்ற எண்பத்தெட்டு வயதுப் பெரியவர், அலமாரியிலிருந்த பழைய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி மேசையில் வைக்கச் சொன்னார். வைத்தாள். புத்தகம், அதுவும் செபப் புத்தகம், அதுவும் இன்றைய நாளில். ஒரு சொட்டுப் பன்னீரில் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். தோலட்டையின் நடுவில் பொட்டு வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. ஈரத் தாளால் அவசரமாகத் துடைத்தாள். பொட்டு போகவில்லை. ஒரு நாணயத்தின் அளவுக்குச் செம்பழுப்பாகப் பரந்தது.

அது எண்ணூறு வயதுப் புத்தகம். ஏதோ ஒரு மடத்தில் துறவிகள் ஆட்டுத்தோலில் கையால் எழுதியது. பிற்காலத்தில் இங்கிலாந்து அரசன் மடங்களைக் கலைத்தபோது ஒரு துறவி அதை அங்கிக்குள் ஒளித்துக்கொண்டு வெளியேறினாராம். அவருக்குப் பிறகு எத்தனையோ கை மாறியது: ஓர் இறைச்சிக்கடைக்காரர், ஒரு பாதிரியார், ஒரு விதவை, கடைசியாக ஆர்தரின் பாட்டனார். இப்போது ஒரு நூலகம் கேட்கிறது. வெள்ளிக்கிழமை ஆள் வந்து பார்ப்பார். அவர்கள் வாங்கினால் அந்தப் பணத்தில் ஆர்தர் தன் வீட்டிலேயே, தன் கட்டிலிலேயே, நகுலேஸ்வரியின் கவனிப்பில் இருக்கலாம். வாங்காவிட்டால் முதியோர் இல்லம். உள்ளூர்க் கவுன்சில்காரர் இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

"நான் பிறந்தது மேல்மாடி அறையில். போவதும் அங்கிருந்துதான்," என்று ஆர்தர் அடிக்கடி சொல்வார். "கட்டாயம்," என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

புத்தகத்தின் முதல் தாளில் ஒரு சாபம் எழுதியிருப்பதாகவும் அவர் ஒருமுறை வாசித்துக் காட்டியிருந்தார். இதைத் திருடுகிறவனும் பழுதாக்குகிறவனும் கடவுளின் முகத்தைக் காணாது போகட்டும்! அன்று சிரித்த நகுலேஸ்வரிக்கு இன்று அது தன்னைத்தான் சொன்னது போலிருந்தது.

அன்று அவள் கோயிலுக்குப் போகவில்லை. கிங்ஸ்பரியிலிருந்த தன் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, நான் ஒரு பெரிய பிழை விட்டுட்டன்."

கணவர் யோகராஜா முழுக்கதையையும் கேட்டார். பிறகு சொன்னார்: "ஜேர்மனியிலை வாங்கின புதுக் காருக்கும் நீர்தானே பொட்டு வைச்சனீர். அடுத்த கிழமை அது மரத்திலை போய் இடிச்சது."

"பகிடி விடாதேங்கோ. அந்த மனுசன்ரை வீடெல்லோ போகப்போகுது."

"அம்மா, சீரியஸ்லி? மியூசியத்திலை வைக்கிற புத்தகத்துக்குப் பொட்டோ?" மகள் ஜதுர்ஷிகா தலையில் கையை வைத்தாள். "நல்ல காலம், திருநீறு பூசேல்லை."

"அதையும் எடுத்தனான் பிள்ளை. டப்பா திறபடேல்லை."

இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது.

"வாயைத் திறவாதையும்," என்றார் யோகராஜா, சிரிப்பு அடங்கியபின். "பழைய புத்தகத்திலை ஆயிரம் கறை இருக்கும். ஆர் கண்டது?"

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு, ஜேர்மனியில் பதினொரு வருடம் சலவைக்கூடத்தில் நின்று, மகளின் படிப்புக்காக லண்டன் வந்தவள் நகுலேஸ்வரி. எத்தனையோ அதிகாரிகளின் மேசைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறாள். வேலை பறிபோய்விடும் என்றுகூட இப்போது பயமில்லை. அந்தக் கிழவரை அவரது வீட்டிலிருந்து வெளியேற்றப்போகிறவள் தானே என்ற நினைப்புத்தான் அவளைக் கொன்றது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நூலகத்து அம்மையார் வந்தார். நரைத்த முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, மெல்லிய குரல். புத்தகத்தை ஒரு சிறிய மெத்தைமேல் வைத்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். அரை மணி நேரமாயிற்று. கடைசியில் அட்டையை மூடிக் குனிந்து பார்த்தார்.

"இது புதிய கறை. என்ன இது?"

நகுலேஸ்வரி ஓரடி முன்னால் வந்தாள். அதற்குள் சாய்வு நாற்காலியிலிருந்து ஆர்தரின் குரல் வந்தது: "தேநீர். என் கை நடுக்கத்தைத்தான் பார்க்கிறீர்களே."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது! அன்றே பார்த்திருக்கிறார். அவளுக்காகப் பொய் சொல்கிறார், பழி தன்மேல் விழட்டும் என்று.

அம்மையார் "தேநீர்" என்று எழுதத் தொடங்கினார். அந்தப் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டு நகுலேஸ்வரியால் நிற்க முடியவில்லை. இத்தனை வருடம் பேசிய ஆங்கிலம் எங்கே போனதோ!

"நோ டீ, மேடம். மீ. மை ஹாண்ட்."

எல்லாவற்றையும் சொன்னாள். சந்தனம், பன்னீர், குங்குமம், ஈரத் தாள், எத்தனை முறை துடைத்தாள் என்பது வரைக்கும். கைப்பையிலிருந்த சந்தன டப்பாவையும் குங்கும டப்பாவையும் மேசையில் வைத்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது. புத்தகத்தில் விழுந்துவிடுமோ என்று பயந்து பின்வாங்கினாள்.

அம்மையார் எழுதியதைக் கோடிட்டு வெட்டினார். குங்குமத்தில் சிறிதளவு ஓர் உறையில் போட்டுக்கொண்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "பதில் வர மூன்று வாரமாகும்," என்று மட்டும் சொல்லி, புத்தகத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றார்.

"முட்டாள் பெண்ணே," என்றார் ஆர்தர். "நான் நன்றாகத்தானே சொன்னேன்?"

"உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது, மிஸ்டர் ஆர்தர். காது சிவந்து போச்சு."

அந்த மூன்று வாரமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கதவின் தபால் துவாரம் சத்தம் போடும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினாள். வேலைக்கு அனுப்பிய நிறுவனத்திடம் தானே போய்ச் சொன்னாள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தார்கள்.

இருபத்திரண்டாம் நாள் தொலைபேசி அடித்தது. ஆர்தர் கேட்டார், தலையாட்டினார், தொலைபேசியை அவளிடம் நீட்டினார்.

"வாங்குகிறோம்," என்றது அந்த மெல்லிய குரல். "தேநீர் என்றிருந்தால் எங்கள் ஆள் ஈரத்தால்தான் ஒற்றியிருப்பார். சாயம் தோலுக்குள் ஓடியிருக்கும். நீங்கள் சொன்னதால் உலர்ந்த தூரிகையால் எடுத்தோம். மெல்லிய தடம் ஒன்று இருக்கிறது. அது இருக்கட்டும்."

தொலைபேசியை வைத்தாள். நன்றி சொன்னாளா இல்லையா என்பதே அவளுக்கு நினைவில்லை. நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். ஆர்தர் நடுங்கும் கையை அவள் தலையில் வைத்தார்.

"போதும், நகுலா. என்னை மேலே கூட்டிக்கொண்டு போ. கொஞ்சம் படுக்க வேண்டும்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவரது தோளைத் தாங்கினாள். இருவரும் ஒவ்வொரு படியாக மேல்மாடி அறைக்கு ஏறினார்கள்.